மூன்று பீப்

"வீடே பத்திக்கிட்டு எரிஞ்சாலும் எங்க வீட்டு மருமகளுக்கு போன்தான் முக்கியம்!"

மூடியிருந்த அறைக் கதவைப் பார்த்து ஹெட்மாஸ்டர் பல்லைக் கடித்தார். ரிட்டயர் ஆகி ஆறு வருஷமாகியும் அந்தப் பட்டமும் போகவில்லை, அந்த அதட்டலும் போகவில்லை.

மத்தியானம் கரண்ட் பட்டென்று போனது, வந்தது, மறுபடி போய் வந்தது. அதோடு அவருடைய கம்ப்யூட்டர் படுத்துவிட்டது. உள்ளே அவர் மூன்று வருஷமாக எழுதிய புத்தகம்: 'பிறர் பேச்சைக் காது கொடுத்துக் கேட்பது எப்படி?' இருநூற்று நாற்பது பக்கம். வேறெங்கும் பிரதி கிடையாது. நாலு மணிக்குள் பதிப்பகத்துக்கு அனுப்பாவிட்டால் இந்த வருஷம் அச்சேறாது.

"நான் பார்க்கட்டுமா மாமா? எனக்கு இதுல..." என்று மருமகள் கேட்கத்தான் செய்தாள்.

"இது போன்ல அரட்டை அடிக்கிற வேலை இல்லம்மா. மெக்கானிக் வரார்."

"சரி மாமா."

போனவள் காதில் எதையோ மாட்டிக்கொண்டு கதவைச் சாத்தினாள். ஏதோ கம்பெனிக்கு வீட்டிலிருந்தே வேலையாம். நாளெல்லாம் ஊராரோடு பேச்சு. அவரிடம் மட்டும் 'சரி மாமா', 'சாப்பிட வாங்க மாமா', இரண்டோடு சரி.

மெக்கானிக் வந்தார். ஒயரை மாற்றினார், வேறு ஸ்கிரீன் மாட்டினார். ஃபேன் சுற்றியது, ஆனால் திரையில் ஒன்றும் வரவில்லை. பெட்டி மூன்று தடவை நீளமாகக் கத்திவிட்டு வாயை மூடிக்கொண்டது.

"மணி மூணேகால், தம்பி!"

மெக்கானிக் தலையைச் சொறிந்தார். "டாக்டரம்மாவைத்தான் கேக்கணும் சார்."

"யாரு அது?"

"ஹெல்ப்லைன்ல இருக்காங்க. நான் முகம் பார்த்ததில்ல. நாங்க கைவிரிச்ச கேஸையெல்லாம் அவங்கதான் எழுப்பி உக்கார வைப்பாங்க. இன்னைக்கு கரண்ட் அடிச்ச அடியில பாதி ஊர் அவங்களைத்தான் கூப்பிடும். லைன் கிடைக்கணும்."

ஐந்தாவது தடவை கிடைத்தது. ஸ்பீக்கரில் குரல் கரகரத்தது.

"ரெண்டு பேரும் பேசாதீங்க. போனைப் பெட்டிகிட்ட வெச்சு ஆன் பண்ணுங்க."

ஹெட்மாஸ்டரையே பேசாதே என்கிறாள்! ஆனாலும் கப்சிப்பென்று நின்றார்.

பீப். பீப். பீப்.

"ரேம்ல கோளாறு. ப்ளக்கைப் பிடுங்கிட்டு, ஆன் பட்டனை அழுத்திப் பிடிச்சு முப்பது எண்ணுங்க. உள்ள நிக்கிற கரண்ட் இறங்கட்டும்."

ஹெட்மாஸ்டரே எண்ணினார், வகுப்புக்குக் கேட்கிற மாதிரி.

"ரேம் பட்டை ரெண்டு இருக்கும். கழட்டி, பல்லு பல்லா இருக்கிற ஓரத்தை அழிரப்பரால தேய்ங்க. இடது பக்க இழுப்பறையில இருக்கும்."

ஹெட்மாஸ்டர் ஓடிப்போய் எடுத்து வந்தார்.

"ஒண்ணை மட்டும் மாட்டுங்க."

மூன்று பீப்.

"அது செத்துப் போச்சு. அதை எடுத்துட்டு, அதே இடத்துல மத்ததை மாட்டுங்க."

ஹெட்மாஸ்டர் கண்ணை மூடிக்கொண்டார்.

ஒரே ஒரு குட்டி பீப். திரை பளிச்சென்று எரிந்தது. புத்தகத்தைத் திறந்தால், ஒரு எழுத்துகூடக் குறையாமல் முதல் வரி நின்றது: 'யார் பேசினாலும் காது கொடுத்துக் கேட்பது என் பிறவிக் குணம்.'

ஹெட்மாஸ்டருக்குத் தலைகால் புரியவில்லை. போனைப் பிடுங்கிக்கொண்டார்.

"அம்மா, நீ மகராசியா இருக்கணும்! என்ன மூளை, என்ன நிதானம்! எங்க வீட்டுலயும் ஒண்ணு இருக்கே, நாளெல்லாம் போன்ல அரட்டை. உன் மாமனார் குடுத்து வெச்சவர்மா!"

மருமகளின் அறைக் கதவு திறந்தது.

"அதை அவர் இன்னைக்குத்தான் சொல்றார், மாமா."

குரல் கதவருகிலிருந்தும் வந்தது, அவர் கையிலிருந்த போனிலிருந்தும் வந்தது.

"டாக்டரம்மா, நீங்களா!" மெக்கானிக் எழுந்தே நின்றுவிட்டார்.

ஹெட்மாஸ்டர் மருமகளைப் பார்த்தார். திரையைப் பார்த்தார். மணி மூணு ஐம்பது. குனிந்து முதல் வரியை அழித்தார்.

"இப்ப சரியா இருக்கு. நீயே அனுப்பும்மா" என்று நாற்காலியை அவள் பக்கம் இழுத்துப் போட்டார்.