நடு ஆற்று மணல்

மக்தலேனா ஆற்றின் நடுவில், இழுப்பு பலமாக இருக்கும் இடத்தில், படகுக்காரி நெரெய்தா படகை நிறுத்திப் பிடித்திருக்கிறாள். தங்கச் சுரங்கக் கம்பெனி அனுப்பிய ஆய்வாளர் உருத்தியா, இஸ்திரிச் சட்டையில் ஒரு துளி படாமல் அடிமண் அள்ளும் இரும்புக் கவ்வியைக் கயிற்றில் இறக்கித் தூக்குகிறார். ஏழாவது முறையும் அது வெறும் மணலைத்தான் கக்குகிறது. சல்லடையில் கொட்டி அலசுகிறார். வெயிலில் மணல் மட்டும் மினுங்குகிறது. தாளில் பூஜ்யம் போடுகிறார். "அடியில ஒரு உயிரும் இல்லம்மா. செத்த ஆறு இது. சுரங்கக் கழிவுத் தண்ணிய விட்டா என்ன கெட்டுப்போகும்?"

நெரெய்தா காறித் துப்புகிறாள். "ஓடுற மணல்ல எந்தப் புழு குடியிருக்கும், டாக்டரே? நடுரோட்டுல நின்னுக்கிட்டு ஊர்ல ஆளே இல்லேன்னு எழுதுவீங்களா? கரையோரச் சேத்துல போடுங்க."

"எனக்குக் குடுத்த இடம் இதுதான்." அவர் நிமிரக்கூட இல்லை.

அவள் மோட்டாரை முடுக்கிப் படகைக் கரையோரம் கொண்டுபோகிறாள். தோள்வரை கையை விட்டு, மூழ்கிக் கிடக்கும் கட்டையொன்றைப் பிடுங்கி, அவர் மடியிலிருக்கும் தாளின் மேல் போடுகிறாள். பொந்துகளிலிருந்து பூச்சிக்குஞ்சுகளும் சிவந்த புழுக்களும் நெளிந்து வருகின்றன. பொடி நத்தைகள் உதிர்கின்றன. உருத்தியா பதறி எழப் பார்க்கிறார். படகு ஆட, மறுபடி உட்கார்ந்துவிடுகிறார்.

மோட்டாரை அணைத்துவிட்டு நெரெய்தா எதிரே சம்மணம் போடுகிறாள். "எண்ணி எழுதுங்க. அதுவரைக்கும் படகு நகராது."

அவர் கரையைப் பார்க்கிறார். முழங்காலளவு சேறு. பிறகு மெல்லப் பேனாவை எடுக்கிறார்.