பெரணிக்குத் தண்ணீர்

லீலா குனிந்து, பறவைக்கூட்டுப் பெரணியின் நடுக்குருத்தில் நிதானமாகத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தாள்.

"அக்கா மாதிரி செடியப் பாத்துக்க இந்த பிளாக்லயே ஆள் இல்ல லா," என்றபடி கடந்துபோனார் தோட்டக் குழுவின் இப்ராஹீம். குவளையில் இருந்தது உப்புத் தண்ணீர் என்று அவருக்கு எப்படித் தெரியும்?

சுவா சூ காங் வட்டாரத்தில், அவர்களது அடுக்குமாடி பிளாக்குக்குப் பின்னால் மழைமரத்தடியில் வெயிலே படாத துண்டு நிலம் அது. கப்பல் பட்டறை வேலையிலிருந்து ஓய்வுபெற்றதும் கணவர் கோவிந்தசாமிக்குப் பேச்சே குறைந்துபோனது. ஏதாவது பிடிப்பு வேண்டுமே என்று லீலாதான் முதல் பெரணியை வாங்கி நட்டாள்.

இந்த மண்ணின் செடி, வருஷம் முழுக்கப் பச்சை. அவர் கவனிப்பில் நிலம் நிறைந்து, மரத்தண்டிலும் ஒரு மான்கொம்புப் பெரணி பற்றிக்கொண்டது.

அதுவே சிறையாகிவிட்டது. பெர்த்தில் இருக்கும் மகள் திவ்யதர்ஷினிக்கு இப்போது நிறைமாசம். "ரெண்டு பேரும் வாங்கம்மா, தனியா பயமா இருக்கு," என்று போனில் அழுதாள்.

கோவிந்தசாமி ஜன்னல் வழியே கீழே பார்ப்பார். "இதுங்கள விட்டுட்டு எப்படிப் போறது?"

"இப்ராஹீம்கிட்ட சொல்லிட்டுப் போலாமேங்க," என்று லீலா ஒருமுறை சொல்லிப் பார்த்தாள்.

"சொல்லலாம். மனசு கேக்குமா?"

அவளால் அவரைத் தனியே விட்டுப் போகவும் முடியவில்லை. அன்றுதான் உப்பு ஜாடியை எடுத்தாள்.

பெரணிகள் பழுத்துக் கருகத் தொடங்கின. ஒரு நாள் பார்த்தால், அவள் தொடவே தொடாத மான்கொம்பும் கருகிக் கிடந்தது. செய்த பாவம் தானாகப் பரவுகிறதோ என்று நடுங்கிப்போனாள்.

இப்ராஹீம் வீட்டுக்கே வந்துவிட்டார். "அண்ணே, யாரோ வேணும்னே செய்றாங்க. நாளைக்கு அங்க கேமரா மாட்டுறோம்."

கோவிந்தசாமியின் முகம் வெளுத்தது. "கேமரா எல்லாம் வேணாம் தம்பி. செடிதானே, விடுங்க."

மனுஷன் எவ்வளவு உடைந்துபோயிருந்தால் இப்படிச் சொல்வார்?  இப்ராஹீம் போனதும் லீலா கதவைச் சாத்திவிட்டுக் கணவர் எதிரே வந்து நின்றாள்.

"நான்தாங்க. நான்தான் உப்புத் தண்ணி ஊத்துனேன். பொண்ணுகிட்ட போகணுங்க, இங்க எனக்கு மூச்சு முட்டுது." அழுகை வெடித்தது. "ஆனா மரத்துல இருந்தத நான் தொடல, சத்தியமா."

கோவிந்தசாமி மெல்ல நாற்காலியில் உட்கார்ந்தார். 

"நீ ஆசையா வச்சதாச்சே லீலா. உனக்குத்தான் விட்டுட்டு வர மனசு வராதுன்னு நெனச்சேன்."

"அப்போ... அந்த மரத்துல இருந்தது?"

"சுடுதண்ணி. நான்தான் ஊத்துனேன்."