ஒரு கணவாய்க் கருவாடு

"அடப்பாவி மனுஷா! பெத்த பிள்ளையை இப்படியா அடிப்பே!"

பக்கத்துக் கடை தாத்சு அலறினாள்.

ஹிராடோ துறைமுகத்தில், பட்டப்பகலில், என் கருவாட்டுக் கடை வாசலிலேயே நடக்கிறது இந்த அநியாயம். போர்ச்சுக்கல் கப்பல் தலைவன் பால்தசார், தன் மகனைக் கப்பல் கயிற்றால் விளாசிக்கொண்டிருக்கிறான். பையன் பெயர் சிமோன். பத்து வயசுகூட இருக்காது.

விஷயம் இவ்வளவுதான். கடையில் தொங்கிய கணவாய்க் கருவாட்டில் ஒன்றை அந்தப் பொடியன் உருவிக்கொண்டு ஓடினான். நான் "திருடன், திருடன்" என்று கத்திவிட்டேன். ஓடுவது யார், பெரிசா சிறிசா என்றெல்லாம் பார்க்கவில்லை. வியாபாரம் பண்ணிப் பண்ணி வாய் அப்படிப் பழகிவிட்டது. துறைமுக அதிகாரி ஜின்னாய் இடுப்பில் இரண்டு வாளோடு வந்து பையன் கையைப் பிடித்தார்.

அவர் வாயைத் திறப்பதற்குள் எங்கிருந்தோ ஓடிவந்தான் பால்தசார். பையனை வெடுக்கென்று பிடுங்கினான். தரையில் கிடந்த கயிற்றை எடுத்தான். ஊர் பார்க்க அடிக்க ஆரம்பித்துவிட்டான்.

எங்கள் ஊரில் பிள்ளை மேல் கை வைக்கிற வழக்கமே கிடையாது. என் கடைக்குட்டி போன வாரம் கோயில் புத்தருக்குக் கரியால் மீசை வரைந்துவிட்டு வந்தான். என்ன செய்தேன்? பெரிய மனுஷனிடம் பேசுகிற மாதிரி எதிரில் உட்கார வைத்துப் பேசினேன். அவ்வளவுதான்.

"செருப்புக் காலோட பாய் மேல ஏறுறவங்க! இவங்ககிட்ட வேற என்னத்தை எதிர்பார்க்கிறே?" என்றாள் தாத்சு.

"மூக்கைச் சிந்தின துணியைப் பத்திரமா மடிச்சுச் சட்டைக்குள்ள வெச்சுக்கிறானுங்க. பெத்த பிள்ளையைத் தெருவுல போட்டு அடிக்கிறானுங்க. அந்தத் துணிக்கு இருக்கிற மரியாதைகூடப் பிள்ளைக்கு இல்லையா?" என்றேன் நான்.

பையன் "அப்பா, அப்பா" என்றுதான் கத்துகிறான் போலிருந்தது. எந்தப் பாஷையாக இருந்தால் என்ன, அது புரியாதா?

அவர்கள் பேச்சு தெரிந்த துபாஷி மதாஸ்கே ஓரமாக நின்றிருந்தான்.

"ஏண்டா மதாஸ்கே, மரம் மாதிரி நிக்கிறியே! கணவாய் போனாப் போகுது, எனக்கு வேண்டாம்னு சொல்லுடா அவன்கிட்ட!"

"சும்மா இருங்கக்கா. இப்போ குறுக்கே பேசாதீங்க."

"அவங்க சோத்தைத் தின்னு நீயும் அவங்க மாதிரியே ஆயிட்டே!"

அவன் முகம் வெளுத்துப்போயிருந்தது.

பால்தசார் ஒவ்வொரு அடி போட்டதும் நிமிர்ந்து ஜின்னாய் முகத்தைப் பார்த்தான். மறுபடி ஓங்கினான். மறுபடி பார்த்தான்.

"திமிரைப் பாரேன்! அதிகாரிக்கே வேடிக்கை காட்டுறான்" என்று தாத்சு பல்லைக் கடித்தாள்.

பையனின் சட்டையில் ரத்தம் கசிந்தது. அதற்குமேல் என்னால் தாங்க முடியவில்லை. ஓடிப்போய்க் கயிற்றைப் பிடித்துக்கொண்டேன். அந்தத் தடியன் ஒரே தள்ளு தள்ளினான். நான் போய் மீன் கூடைகளின் மேல் விழுந்தேன். கூட்டமே "ஐயையோ" என்றது. பொம்பளை என்றுகூடப் பார்க்காத மிருகம்!

எழுந்து பார்த்தால், அவன் தொப்பியைக் கழற்றிவிட்டு ஜின்னாய் முன்னால் மண்டி போட்டிருந்தான். மூச்சு வாங்க ஏதோ சொன்னான். மதாஸ்கே அதை எங்கள் பாஷையில் சொன்னான்.

"எங்க ஊர் வழக்கப்படி நானே தண்டனை கொடுத்துட்டேன். ஊரே பார்த்துச்சு. இது போதும்னு ஐயா சொல்லணும்னு கேக்கிறார்."

ஜின்னாய் பையனைப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். பிறகு, அதுவரை வாளின் பிடியில் வைத்திருந்த கையை எடுத்தார்.

"ஒரு குத்தத்துக்கு ரெண்டு தண்டனை கிடையாது" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

அவர் தலை மறைந்ததுதான் தாமதம். பால்தசார் பையனை அள்ளி மடியில் போட்டுக்கொண்டு, ஐயோ, அந்தப் பிள்ளையைவிடச் சத்தமாக அழுதான். தாடியெல்லாம் நனைந்துவிட்டது.

எனக்கு இன்னும் எரிச்சல்தான் வந்தது.

"அடிக்கிறதையும் அடிச்சுட்டு இப்போ என்ன நாடகம்? மதாஸ்கே, நல்லா உறைக்கிற மாதிரி சொல்லு இவன்கிட்ட. எங்க ஊர்ல எந்தத் தகப்பனும் பிள்ளை மேல கை வைக்க மாட்டான்னு சொல்லு!"

மதாஸ்கே சொன்னான். பால்தசார் தலையைத் தூக்கி என்னைப் பார்த்தான். கோபமே இல்லை அந்தப் பார்வையில். பையனின் கழுத்தைத் தடவிக்கொண்டே மெதுவாக ஏதோ பேசினான்.

"என்னடா சொல்றான்?"

மதாஸ்கே என் முகத்தைப் பார்க்காமல் சொன்னான்.

"தெரியும்மா, நீங்க பிள்ளைங்களை அடிக்க மாட்டீங்க. ஆனா திருடினா தலையை எடுத்துருவீங்க. போன மாசம் ஒரு வைக்கோல் தொப்பியைத் திருடினதுக்கு ஒருத்தன் தலை போச்சு. நீங்க 'திருடன்'னு கத்தினதும் அதுதான் எனக்கு ஞாபகம் வந்துச்சு. அந்த அதிகாரி வாளை எடுக்கிறதுக்குள்ள நான் கயித்தை எடுத்தேன்னு சொல்றாருக்கா."