இன்னொரு கதவு

கணினித் திரையில், வீதியின் பெயரைக் கேட்ட பெட்டி இருந்த இடத்தில் இப்போது ஒரு தேயிலைத் தோட்ட லயம் நின்றது.

ஒரே தகரக் கூரை. அதன் கீழ் வரிசையாகக் கதவுகள்.

ஜீவராணி திரைக்கு அருகில் குனிந்தாள். டயகமவில் அவள் குடியிருக்கும் அதே லயம்.

தோட்டங்களிலிருந்து கப்பலேறி இந்தியா போனவர்களும் இங்கே இலங்கையிலேயே தங்கிவிட்டவர்களும் ஒருவரையொருவர் தேடுவதற்கான இணையத்தளம் அது. ஹட்டனில் விவரங்களை ஏற்றுவது அவள் வேலை. முதல் பதிவு அவளுடைய அப்பா அழகனுக்கு. அவரது தங்கை நாகலெட்சுமி கோத்தகிரிப் பக்கம் போனவர். கடிதங்கள் நின்று வெகுகாலம்.

ஆனால் வீதியின் பெயர் இல்லாமல் பக்கம் எதையும் சேமிக்கவில்லை. ஒவ்வொரு முறையும் பிழையென்று சிவந்தது.

"மலைக்கெல்லாம் நம்பர் இருக்குங்க சார். எங்க வாசலுக்குத்தான் இல்ல" என்று போன வாரம் என்னிடம் சொல்லிச் சிரித்தாள்.

அந்தப் பக்கத்தை எழுதியவர்கள் எங்கோ தூரதேசத்தில் இருந்தார்கள். ஆனாலும் ஒரு நல்ல காரியம் செய்திருந்தார்கள்: எந்தப் பெட்டியையும் எடுத்துவிட்டு, அங்கே நாம் செய்த சிறு செயலியை உட்கார வைக்கலாம்.

நான் உட்கார வைத்தது இந்த லயத்தை. கதவை அழுத்தினால், செயலி அதை ஒரு வரி விலாசமாக்கிப் பக்கத்திடம் கொடுக்கும். பக்கத்துக்கு லயம் என்றால் என்னவென்று தெரியாது. வரி வந்தால் போதும்.

கோத்தகிரியில் தேடுகிறவருக்கும் இதே படம் தெரியும். இருவரும் ஒரே கதவை அழுத்தினால், ஒருவர் பெயர் மற்றவருக்குக் கிடைக்கும்.

"உங்கட கதவை அழுத்துங்கோ" என்றேன்.

சுட்டி அவள் வீட்டைத் தாண்டியது. கடைசிக் கதவையும் தாண்டி, வெறும் வெள்ளையில் நின்றது.

"இதுக்கு அங்கிட்டு இன்னொரு காம்பரா போட முடியுங்களா சார்?"

அதற்கும் வழி வைத்திருந்தேன். வீட்டறைகளின் எண்ணிக்கையில் ஒன்றைக் கூட்டினேன். கூரை நீண்டது. புதுக் கதவு வந்தது. அவள் அதை அழுத்தினாள்.

படம் வரைவதற்காக அந்த லயத்துக்கு நான் நேரில் போயிருந்தேன். கடைசிச் சுவருக்கு அப்பால் செம்மண் சரிவுதான் இருந்தது.

"அங்க ஆர் இருக்கினம்?"

"யாரும் இல்லைங்க. அப்பாவும் அத்தையும் இருந்த காம்பராவ மண்ணு சரிஞ்சு கொண்டுபோயிருச்சு. அப்புறந்தான் எங்களுக்கு இந்தப் பக்கம் காம்பரா குடுத்தாங்க. அது அத்தைக்குத் தெரியாதே சார்."

சேமித்தாள்.

பக்கம் சிவக்கவில்லை.