நான்காம் இயல்

“இதெல்லாம் ஒரு பாட்டா தம்பி? இதுக்கு ஒரு டாக்டர் பட்டமா?”

தேர்வாளர் நவநீதகிருஷ்ணன் கேட்டதும் அரங்கில் நாலைந்து பேர் சிரித்தார்கள். சபரிநாதனுக்குச் சுர்ரென்று கோபம் தலைக்கேறியது. ஐந்து வருட உழைப்பு! சிவகாசி வட்டாரத்துப் பையன்கள் பாடும் ராப் பாட்டுகளைத் தேடித் தேடிச் சேர்த்து, முந்நூறு பக்கம் எழுதி, இன்று விருதுநகரில் பொது வாய்மொழித் தேர்வு. தேறினால் டாக்டர் சபரிநாதன். தேறாவிட்டால் மறுபடியும் முதலிலிருந்து.

“பாட்டுதான் ஐயா. நாத்து நடும்போது பாடினா ஆராய்ச்சி பண்ணிக் கைதட்டுறோம். அதையே ஒருத்தன் டி-ஷர்ட் போட்டுட்டுப் பாடினா கேவலமா?”

நெறியாளர் அழகுமீனா கண்ணாலேயே அவனை அடக்கப் பார்த்தார். அவன் அடங்குவதாக இல்லை.

“சரி, நாலாம் இயலுக்கு வருவோம்,” என்றார் தேர்வாளர். “கந்தகம்னு ஒருத்தன். அது புனைபேரு. நிஜப் பேரு தெரியாது, முகம் தெரியாது. அவனோட ஒரே ஒரு பாட்டுக்கு அறுபது பக்கம்! அதைப் போடுங்க, எல்லாரும் கேக்கட்டும்.”

சபரிநாதன் மடிக்கணினியைத் தட்டினான். இசைக்கருவி எதுவும் இல்லை. தகரத்தில் கையால் தட்டுகிற சத்தம், அதன்மேல் ஒரு முரட்டுக் குரல்.

“இருவது பேரு வண்டியில நாப்பது பேர ஏத்து,
எதுக்குன்னு கேள்வி கேட்டா வாயிலேயே சாத்து,
சீசனுக்கு லோடு போவுது ஊரு ஊரா பாத்து,
ஏறியாச்சா எல்லாரும், வீட்டுக்குப் போ—”

அந்தச் சொல்லை முடிக்க விடாமல் ஒரு பெரிய வெடிச்சத்தம். பாட்டு அதோடு நின்றுவிட்டது.

“கேட்டீங்களா? கடைசியில ஒரு டமார்!” தேர்வாளர் உதட்டைப் பிதுக்கினார். “எங்கேயோ இருந்து ஒரு சத்தத்தை எடுத்து ஒட்டிட்டான். சிவகாசின்னா வெடி வெச்சே ஆகணுமா? சுத்த மலிவான தந்திரம். இந்த இயலை நீக்கிட்டு வாங்க, அப்புறம் பட்டத்தைப் பத்திப் பேசுவோம்.”

“மலிவா?” சபரிநாதன் மேசையில் அறையாத குறை. “ஹிப்ஹாப்போட உயிரே அதுதான் ஐயா. வேற ஒரு இடத்துச் சத்தத்தை எடுத்துத் தன் பாட்டுல சேக்குறதுக்கு சாம்பிளிங்னு பேரு. அமெரிக்காவுல அதைப் பல்கலைக்கழகத்துல பாடமா நடத்துறாங்க. இவன் எந்த இடத்துல சேத்திருக்கான் பாருங்க! ‘வீட்டுக்குப் போ’ன்னு சொல்லி முடிக்க விடல. இந்தப் பட்டாசுத் தொழிலாளி வீடு போய்ச் சேரமாட்டான்னு ஒரே வெட்டுல சொல்லிட்டான். ஒரு மேதையாலதான் இப்படி முடியும்.”

“அந்த மேதை உங்ககிட்ட அப்படிச் சொன்னாரா?”

“நாப்பது தடவை செய்தி அனுப்பினேன். பதிலே போடல. இதுக்கு அப்புறம் நெட்டுல ஒரு பாட்டுகூடப் போடல. அதுவும் ஒரு எதிர்ப்புதான் ஐயா. மௌனத்தையே ஆயுதமாக்கிட்டாரு. அதைப் பத்தி மட்டும் பதினெட்டுப் பக்கம் எழுதியிருக்கேன்.”

பொது வாய்மொழித் தேர்வில் வந்தவர்கள் யாரும் கேள்வி கேட்கலாம் என்பது விதி. ஆய்வாளர் முதல்நாளே எழுதிக் கொடுத்ததை நண்பர்கள் எழுந்து கேட்பார்கள் என்பது வழக்கம். சபரிநாதனும் மூன்று பேரிடம் துண்டுச்சீட்டு கொடுத்திருந்தான். ஆனால் இப்போது எழுந்து நின்ற ஆள் அந்த மூவரில் ஒருவர் இல்லை. கடைசி வரிசை, காக்கிச் சட்டை, நாற்பது வயது இருக்கும்.

“டிரைவர் அண்ணே, சாப்பாடு ஒரு மணிக்குத்தான்,” என்றது ஒரு குரல். மறுபடியும் சிரிப்பு.

“சோத்துக்கு வரல. எல்லாரும் வரலாம்னு வாட்ஸப்புல போட்டிருந்தீக, அதான் வந்தேன்.” அவர் சபரிநாதனைப் பார்த்தார். “தம்பி, இத பொஸ்தகமா அடிப்பீகளா?”

“ஆமா. அதுக்கென்ன இப்ப?”

“அதுல, சத்தத்த எடுத்துச் சேத்துட்டான்னு மட்டும் போடாதீக.”

ஒரு பக்கம் தேர்வாளர் போதாதென்று இவர் வேறா! “அதைச் சொல்ல நீங்க யாரு? இந்தப் பாட்டைப் பத்தி உங்களுக்கு என்ன தெரியும்?” என்று சீறினான்.

“நான் பாடுனது தம்பி.”

அரங்கம் மொத்தமும் திரும்பிப் பார்த்தது. அதே முரட்டுக் குரல்தான். சபரிநாதனுக்கு அவரைத் தூக்கிக்கொண்டு ஆட வேண்டும் போல இருந்தது. நான்காம் இயல் பிழைத்தது, பட்டமும் பிழைத்தது! தேர்வாளர் பக்கம் கையை நீட்டி உரக்கச் சொன்னான்: “அண்ணே, அந்தச் சத்தத்தை எங்கேருந்து எடுத்தீங்க, ஏன் அந்த இடத்துல வெச்சீங்க? நீங்களே உங்க வாயால ஐயாகிட்ட சொல்லுங்க!”

“நான் எதையும் எடுக்கல தம்பி. கம்பெனி வாசல்ல வேன நிப்பாட்டிட்டு, வேலை முடிஞ்சு பொம்பளைக வர்ற வரைக்கும் போன்ல பாடி ரெக்கார்டு பண்ணிக்கிட்டிருந்தேன். மறுநாள் பேப்பர்ல நாலே வரிதான் வந்துச்சு. நாலு பேரு காதுலயாவது விழட்டும்னு அப்படியே போட்டுவிட்டேன். அன்னிக்கு என் வண்டிக்குத் திரும்பி வராத அஞ்சு பேருல எம் பொண்டாட்டியும் ஒருத்தி.”