எடை தெரியாத அம்மா

“வலிப்பு எத்தனை நிமிஷம் இருந்துச்சு?”

நர்ஸ் டெல்பின் மைத்ரேயியிடம் கேட்டாள். மூன்று வயது மகன் அபிராம் மைத்ரேயியின் தோளில் துவண்டு கிடந்தான். உடம்பு அனலாகக் கொதித்தது.

“தெரியலைங்க. மன்னார்புரம் சிக்னல்கிட்ட ஆட்டோவுல வரும்போது கண்ணு மேல சொருகிடுச்சு. கையைக் காலை வெட்டி இழுத்துது. குழந்தைங்க கிளினிக்னு போர்டு கண்ணுல பட்டுது, இறங்கி ஓடி வந்துட்டேன்.”

“காய்ச்சல் எப்பலேருந்து?”

“காலையில லேசா சுட்டுது. இல்ல, நேத்தே இருந்திருக்குமோ?”

“மருந்து குடுத்தீங்களா?”

“குடுத்தேன். எத்தனை மணிக்குன்னு...”

“பையன் எடை?”

மைத்ரேயி மகனைத் தோளில் ஏற்றிப் பிடித்துக்கொண்டாள். “எடை... தெரியலைங்க.”

“எடை தெரிஞ்சாத்தானேம்மா மருந்து அளவு சரியான்னு பாக்க முடியும்? தடுப்பூசி கார்டும் கொண்டு வரல. பெத்தவங்க இதெல்லாம் தெரிஞ்சு வச்சுக்க வேணாமா?”

டெல்பின் குரலில் கோபம் இல்லை, அவசரம்தான். இருந்தும் பெஞ்சில் காத்திருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். மைத்ரேயியின் முகம் சுருங்கிப் போயிற்று.

அடுத்து உள்ளே போக வேண்டியவள் ஜோதி. இருமிக்கொண்டிருந்த மகளைத் தொட்டியத்திலிருந்து பஸ்ஸில் கூட்டி வந்திருந்தாள்.

“என் டோக்கன்ல நீங்க போங்க. எம்புள்ளைக்கு இருமல்தான், காத்திருக்கலாம்” என்றவள், மகளை இடுப்பில் தூக்கிக்கொண்டு, மைத்ரேயியின் கைப்பையையும் எடுத்துக்கொண்டு கூடவே வந்தாள்.

டாக்டர் சுரேஷ்குமார் அபிராமைக் கட்டிலில் ஒருக்களித்துப் படுக்க வைத்தார். மூச்சைக் கவனித்தார். கண்ணில் வெளிச்சம் அடித்தார். கழுத்தை மெல்ல மடக்கிப் பார்த்தார். பிறகு அவரும் அதே கேள்விகளைக் கேட்டார்.

மைத்ரேயிக்கு அழுகை வந்துவிட்டது. “ஒண்ணுமே ஞாபகம் வரல டாக்டர். எனக்குத் தெரிஞ்சிருக்கணும். எனக்கே தெரியலைன்னா...”

“பயத்துல யாருக்கும் ஞாபகம் இருக்காதும்மா. முதல்ல உக்காருங்க. ஞாபகம் வர்றப்போ சொல்லுங்க, போதும்.”

கதவோரம் நின்ற ஜோதி தயங்கித் தயங்கிச் சொன்னாள். “நான் வாசல்ல நின்னேன் சார். ஆட்டோ நிக்கிறப்ப ரெண்டு கையும் வெட்டிக்கிட்டு இருந்துச்சு. இவங்க படியேறி வர்றதுக்குள்ள நின்னுருச்சு.”

“சிக்னல்லேருந்து இங்க ரெண்டு மூணு நிமிஷம். அப்ப அவ்வளவுதான் இருந்திருக்கும். நல்ல தகவல்மா, இதுதான் எனக்கு வேணும்.”

காய்ச்சலின் வேகத்தில் வந்த வலிப்புதான் என்றார் அவர். மறுபடி வந்தால் ஒருக்களித்துப் படுக்க வைக்க வேண்டும்; வாயில் எதையும் திணிக்கக் கூடாது; கடிகாரத்தைப் பார்க்க வேண்டும்; ஐந்து நிமிடம் தாண்டினால் உடனே ஆஸ்பத்திரி. மைத்ரேயி ஒவ்வொன்றுக்கும் பள்ளிக்கூடப் பிள்ளையைப் போலத் தலையாட்டினாள்.

“வேற ஏதாவது கேக்கணுமா?”

“இவன் பொழைச்சுடுவானா?”

சுரேஷ்குமார் பேனாவைக் கீழே வைத்தார். “அதைத்தான் நான் முதல்ல சொல்லியிருக்கணும். ஒண்ணும் ஆகாதும்மா.”

ஒரு மணி நேரம் அங்கேயே இருத்திப் பார்த்தார்கள். காய்ச்சல் இறங்கியது. அபிராம் கண் விழித்துத் தண்ணீர் கேட்டான். டெல்பின் அவனை எடை பார்த்து, பதிமூன்று கிலோ என்று சீட்டின் மேல் பெரிதாக எழுதிக் கொடுத்தாள். மைத்ரேயி வெளியே வந்து ஜோதியின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

நான்கு நாள் கழித்து, ஸ்ரீரங்கத்தில் தன் கிளினிக்கைத் திறந்த குழந்தை மருத்துவர் மைத்ரேயி, முதல் டோக்கனைக் கூப்பிடுமுன் நாற்காலி போட்டு ஏறினாள். ‘காய்ச்சல் நேரம், எடை, கொடுத்த மருந்து – விவரம் தெரியாத பெற்றோர் உள்ளே வர வேண்டாம்’ என்று தானே எழுதி மாட்டிய பலகையைச் சுவரிலிருந்து கழற்றினாள்.