அசையாத திருகு

படாரென்று கதவு சுவரில் மோதியது.

பல் டாக்டர் அவள்; வாய்க்குள் பார்க்கும் சிறு கண்ணாடி கையிலிருந்து தட்டில் விழுந்தது.

டோக்கன் வாங்கவில்லை. செருப்பைக்கூடக் கழற்றவில்லை. முறுக்குக் கடை பரஞ்சோதி, வலது கன்னத்தை ஒரு கையால் பொத்திக்கொண்டு நேராக வந்து நாற்காலியில் சாய்ந்தார். மறு கையில் ஒரு பொட்டலம். எண்ணெய் ஊறிய காகிதம்.

வாங்கிப் பிரித்தாள்.

மூன்று பற்கள், ஒன்றோடு ஒன்று ஒட்டியபடி. ஆறு வருடத்துக்கு முன் அவளே கட்டிய செயற்கைப் பல்வரிசை, பிரிட்ஜ்.

“திட்டுங்க டாக்டரம்மா. திட்டிட்டு அப்புறமாப் பாருங்க.”

அவள் திட்டவில்லை.

“என்ன சாப்பிட்டீங்கண்ணே?”

அவர் கூரையைப் பார்த்தார்.

“முறுக்கு.”

பின்னால் நர்ஸ் ரெஜினா சிரிப்பை அடக்குவது கேட்டது.

மணப்பாறையில் அவர் கடைக்கு ஒரு வழக்கம் உண்டு. காலையில், இரண்டாம் முறை எண்ணெயில் விழுந்து எழும் முதல் முறுக்கை முதலாளி கடிப்பார். ருசி பார்க்க யாராக இருந்தாலும் போதும். முதலாளி கேட்பது சத்தத்தை. சத்தம் சரியாக விழுந்தால் அடுப்பு அப்படியே எரியும். இல்லையென்றால் விறகை இழுக்கச் சொல்வார். இருபது வருடம் அந்தக் காது ஒரு நாள்கூடப் பிசகவில்லை.

அதை நிறுத்தியவள் அவள்தான்.

இனிமேல் முறுக்கு ஆகாது என்றாள், பிரிட்ஜ் மாட்டிய அன்று. அந்தப் பக்கம் மட்டும் என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அவர் எந்தப் பக்கமும் கடிக்கவில்லை. மறுநாளிலிருந்து மச்சான் கடித்தார்.

“மச்சானுக்கு வாய்தான் இருக்கு டாக்டரம்மா, காது கெடையாது. எதைக் கடிச்சாலும் அருமைம்பான். திருச்சியில மூணு கடை, உங்க சரக்கு நமத்துப்போயி இருக்கு, வேணாம்னுட்டாங்க. ஊருக்கே முறுக்கு விக்கிற ஆளு இட்லிய ஊறவச்சுத் திங்கிறாரேன்னு வீட்டுல வேற நக்கல். இன்னைக்கு மச்சான் பழனிக்குப் போயிட்டான். ஒண்ணே ஒண்ணுதான் கடிச்சேன். நல்லா சத்தம் கேட்டுச்சு. முறுக்குச் சத்தம்னு நெனச்சு, ஆகா, இதுதான்டா பதம்னு பசங்ககிட்ட சொல்லவும் சொல்லிட்டேன்.”

ரெஜினா இந்த முறை சிரித்தேவிட்டாள்.

“வாயைத் திறங்கண்ணே.”

பின்னால் இம்ப்ளான்ட். தாடை எலும்பில் அவள் இறக்கிய உலோகத் திருகு. தட்டினாள். கணீரென்றது. துளியும் அசையவில்லை.

முன்னால் அவருடைய சொந்தப் பல். பிரிட்ஜின் மறுமுனையைத் தாங்குவதற்காக அவள் ராவிச் சிறிதாக்கிய பல்.

அது பக்கத்துப் பல்லைவிடத் தாழ்ந்திருந்தது.

எக்ஸ்ரே எடுத்தாள். வேரோடு தாழ்ந்திருந்தது.

சொந்தப் பல் எலும்பில் நேராக ஒட்டியிருப்பதில்லை. நடுவே மெல்லிய நார்ப்படுகை உண்டு. ஒவ்வொரு கடிக்கும் பல் இம்மியளவு அமுங்கி எழும். இம்ப்ளான்ட்டுக்கு அந்தப் படுகை கிடையாது, அது அமுங்காது. இரண்டையும் ஒரே பிரிட்ஜில் பூட்டினால், அமுங்கத் தெரிந்த பல் கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே நழுவிப் போகலாம். பிறகு பாரம் முழுவதும் அசையாத திருகில் தொங்கும்.

அதற்கு முறுக்கு வேண்டியதில்லை. இட்லி போதும்.

எம்.டி.எஸ். தேர்வில் இந்தக் கேள்வி வந்தது. பத்துக்கு ஒன்பது வாங்கினாள்.

இவருக்கு அன்று இரண்டாவது இம்ப்ளான்டும் வைத்திருக்க வேண்டும். முதல் துளைக்கே பரஞ்சோதி மயங்கிவிட்டார். தெளிந்ததும், இன்னொன்று வேண்டவே வேண்டாம் என்று கும்பிட்டார். பக்கத்திலேயே நல்ல பல் ஒன்று நின்றது. வெளியே பதினோரு பேர் காத்திருந்தார்கள்.

சரி என்றாள்.

ஏன் கூடாது என்பதை அவரிடம் சொல்லவில்லை. முறுக்கு ஆகாது என்று மட்டும் சொன்னாள்.

பிரிட்ஜை விளக்கடியில் திருப்பினாள். பல்லின் மேல் உட்கார்ந்திருந்த முனைக்குள் ஒட்டவைத்த சிமென்ட் இல்லை. கரைந்து கறுத்து வெகுநாள் ஆகியிருந்தது. மறுமுனையில், இம்ப்ளான்ட்டோடு பிடித்து வைத்திருந்த சிறு திருகு முறிந்து நின்றது. முறிந்த இடத்தில் முக்கால் பங்கு மங்கல். ஓரத்தில் மட்டும் புதுப் பளபளப்பு.

இன்று காலை முறிந்தது அந்த ஓரம் மட்டும்தான்.

ரெஜினா கோப்பைத் திறந்தாள்.

“மேடம், கடினமான பண்டம் கடித்ததால் முறிந்ததுன்னு எழுதிரட்டுமா? அவரே ஒத்துக்கிட்டாரு.”

“எழுதிக்கம்மா,” என்றார் பரஞ்சோதி, கொப்பளித்துவிட்டு. “வேணும்னா கையெழுத்தும் போடுறேன்.”

ரெஜினா பேனாவின் மூடியைக் கழற்றி அவரிடம் நீட்டினாள்.

ஒரு கையெழுத்து. அதோடு முடிந்துவிடும். அவருக்கும் வருத்தம் இருக்காது.

“சத்தியமா இனிமே தொட மாட்டேன் டாக்டரம்மா. பொட்டுக்கடலைகூடத் தொட மாட்டேன்.”

அவர் கைக்குப் போகுமுன் பேனாவை அவள் வாங்கினாள். மூடினாள். முகக்கவசத்தை இறக்கினாள். பிரிட்ஜை எடுத்து, கறுத்த முனை மேலே தெரியும்படி அவர் உள்ளங்கையில் வைத்தாள்.

“இந்த ஆறு வருஷமும் நீங்க முறுக்கு கடிச்சிருக்கலாம்ணே.”